கை மில்லுக்கு மோட்டார் மாட்டிய வேலை

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் மால்ட்டை, அதாவது முளைவிட வைத்துக் காயவைத்த பார்லி போன்ற தானியத்தை, முழு மணியாக வாங்கி வைத்து, காய்ச்சும் நாளில்தான் உடைத்துக்கொள்வார்கள். உடைத்த மால்ட் சீக்கிரம் ஈரம் இழுத்து நமுத்துவிடும். முழு மணி காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். என்னிடம் இருப்பது இரண்டு உருளை வைத்த சாதாரண கை மில். உருளை ஒவ்வொன்றும் 38 மி.மீ. விட்டம், ஐந்து அங்குல நீளம், பிடிப்புக்காக மேலே சொரசொரப்பாகக் கொத்தியது. கைப்பிடி ஒரு உருளையை மட்டும்தான் சுற்றும். மற்றது தானாகச் சுற்றாது. நடுவில் மாட்டும் மணிகள் இழுக்கிற இழுப்பில் கூடவே சுற்றும். இந்த இரண்டாவது உருளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஐந்து கிலோவைக் கையால் உடைப்பது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் தோள் தளரத் தளர வேகம் மாறும், மேசை ஆடும், முதல் கிலோவும் கடைசி கிலோவும் ஒரே மாதிரி உடையாது. அதனால் மோட்டார். மோட்டார் என்றதும் பலரும் எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் கணிப்பில் அது இரண்டாவது கேள்வி. மில் எவ்வளவு மெதுவாகச் சுற்ற வேண்டும், நின்ற நிலையிலிருந்து எவ்வளவு பலத்தோடு கிளம்ப வேண்டும், இவை இரண்டும்தான் முதல் கேள்வி.

காரணம் உமி. இந்த மில் மாவு மில் அல்ல. உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பு நான்கைந்து துண்டாக, நொய்யாக உடைய வேண்டும். மேலே இருக்கும் உமி முடிந்தவரை கிழியாமல், பருப்பை மட்டும் உதறிவிட்டு முழுசாக வெளியே வர வேண்டும். வெந்நீரில் மால்ட்டை ஊறவைக்கும் மேஷ் வேலை முடிந்த பிறகு, வோர்ட் எனப்படும் இனிப்பு நீரை வடிக்கும்போது பாத்திரத்தின் அடியில் படுகையாக நின்று வடிகட்டுவது அந்த உமிதான். உமி தூளாகி மாவும் கூடிவிட்டால் அந்தப் படுகை களிமண்ணாக இறுகிவிடும். குழாயைத் திறந்தால் சொட்டு நீர் வராது. காய்ச்சுபவர்கள் எல்லோரும் பயப்படும் அடைப்பு இது. மறுபக்கம், மணி உடையாமல் முழுசாகப் போனால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் அப்படியே குப்பைக்குப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். உருளைகளின் இடைவெளிதான் இதில் பெரும் பங்கை முடிவு செய்கிறது. மிச்சத்தை வேகம் முடிவு செய்கிறது. உருளை வேகமாகச் சுற்றினால் மணி நசுங்குவதற்குப் பதில் கிழிபடும், உமி துருவலாக வரும். இன்னும் வேகம் கூட்டினால் மணிகள் உள்ளே இறங்காமல் உருளை மேலேயே துள்ளிக்கொண்டிருக்கும்.

முதலில் எல்லோரையும் போல ட்ரில்லைத்தான் மாட்டினேன். கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டை ட்ரில் வாயில் கவ்வவிட்டால் போதும், வேறு வேலையே இல்லை. எப்போதாவது காய்ச்சுகிறவருக்கு இது போதும் என்றே சொல்வேன். சிக்கல் என்னவென்றால், ட்ரில்லின் மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றவென்று செய்தது. அதைக் குளிர்விக்கும் விசிறியும் அதே ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது. பொத்தானைப் பாதி அழுத்தி மெதுவாகச் சுற்றவிட்டால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் சுமை முழுதாக இருக்கும். சில நிமிடத்தில் உடல் சுட ஆரம்பிக்கும், கருகல் வாடை வரும். வாடை வராமல் இருக்க முழு வேகத்தில் விட்டால் உமி போச்சு. இரண்டு கியர் உள்ள ட்ரில்லில் சின்ன கியரைப் போட்டு, நடு நடுவே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டலாம். நான் ஒரே மூச்சில் ஓடி முடிகிற ஏற்பாட்டைத் தேடினேன்.

எவ்வளவு பலம் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். பெட்டி படுக்கை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கைப்பிடியின் நுனியில் மாட்டி, மில்லின் மேல் இருக்கும் ஹாப்பர் என்ற கொட்டும் தொட்டி நிறைய மால்ட் கொட்டி, தராசைப் பிடித்துக் கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் 6 கிலோவைச் சுற்றி நின்றது. நின்ற மில்லைக் கிளப்பும்போது 9 கிலோ வரை போனது. கைப்பிடியின் நீளம் 18 செ.மீ. ஆறை 9.8 ஆல் பெருக்கி 0.18 ஆல் பெருக்கினால் ஓடும்போது ஏறத்தாழ 10.6 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. கிளம்ப 16. உங்கள் மில்லில் உருளை பருமனாகவோ நீளமாகவோ இருந்தால் இந்த எண் மாறும், அதனால் என் எண்ணை எடுத்துக்கொள்ளாமல் தராசை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு நான் வைத்த இலக்கு நிமிடத்துக்கு 200 சுற்று. இந்த அளவு உருளைக்கு 150 முதல் 250 வரை எங்கே நின்றாலும் பரவாயில்லை. உண்மையில் பார்க்க வேண்டியது உருளையின் மேற்பரப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத்தான். 38 மி.மீ. உருளை 200 சுற்றில் விநாடிக்கு 40 செ.மீ. ஓடும். 50 மி.மீ. உருளை வைத்த மில் என்றால் அதே வேகத்துக்கு 150 சுற்றே போதும். சரி, 200 சுற்றில் 10.6 நியூட்டன் மீட்டர் என்றால் 222 வாட். கால் எச்.பி. மோட்டாரின் 187 வாட் பற்றாது. மூன்றில் ஒரு எச்.பி. தொட்டும் தொடாமலும் வரும். அரை எச்.பி. மோட்டாருக்கு 373 வாட், தாராளம்.

அரை எச்.பி.யிலும் எல்லா மோட்டாரும் ஒன்றல்ல. எப்போதும் இணைப்பில் இருக்கும் சின்ன கபாசிட்டர் ஒன்றோடு ஓடும் மோட்டார்கள், பெரிய விசிறிகளில் இருக்கும் வகை, ஓடும்போது நன்றாக ஓடும். நின்ற நிலையிலிருந்து சுமையோடு கிளம்பச் சொன்னால் முனகிக்கொண்டு நிற்கும். நமக்கு வேண்டியது கபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார். அதில் தனியாக ஒரு ஸ்டார்ட் சுருளும் அதற்கென்று பெரிய கபாசிட்டரும் இருக்கும். வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் மையவிலக்கு ஸ்விட்ச் டக்கென்று சத்தம் போட்டு அந்தச் சுருளைத் துண்டித்துவிடும். கிளம்பும் நேரத்தில் அது தரும் முறுக்கு, ஓடும்போது தருவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பழைய கம்ப்ரஸரிலிருந்து கழற்றிய அரை எச்.பி. மோட்டார் என்னிடம் கிடந்தது. நான்கு போல் (காந்த முனை), 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1440 சுற்று. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் அதே வகை மோட்டார் 1725 சுற்றும், அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

1440 ஐ 200 ஆக்க வேண்டும். ஏறக்குறைய ஏழில் ஒன்று. காசு செலவழிக்கத் தயங்காதவருக்கு இங்கே நேரான வழி ஒன்று உண்டு. வார்ம் கியர் பெட்டியோடு சேர்ந்தே வரும் மோட்டார், பத்துக்கு ஒன்று குறைப்பு, 144 சுற்று. அதை மில் ஷாஃப்ட்டோடு நேராக நிறுத்தி, நடுவில் ரப்பர் நட்சத்திரம் வைத்த கப்ளிங் போட்டால் வேலை முடிந்தது. இடமும் அடைக்காது, பெல்ட்டும் இல்லை. எனக்கு அதில் இருக்கும் ஒரே குறை, கல் மாட்டினால் அது நிற்காது என்பதுதான். மால்ட் மூட்டையில் சின்னக் கல் வருவது அபூர்வம் இல்லை. பத்து மடங்கு பெருகிய விசையோடு ஓடும் கியர் பெட்டி, கல்லை உடைக்கும் அல்லது உருளையின் கொத்தை உடைக்கும். பெல்ட் என்றால் வழுக்கும். வழுக்குவது இங்கே நல்ல குணம்.

பெல்ட்டில் ஏழுக்கு ஒன்று என்பது ஒரே கட்டத்தில் கொஞ்சம் கஷ்டமான விகிதம். பரவலாகக் கிடைக்கும் ஏ வகை வி-பெல்ட் 13 மி.மீ. அகலம். அதை 75 மி.மீ.ஐ விடச் சின்ன புல்லியில் வளைத்தால் சூடாகிச் சீக்கிரம் வெடித்துப்போகும். அப்படியானால் எதிர்ப்பக்கம் அரை மீட்டருக்கு மேல் பெரிய புல்லி வேண்டும். அதனால் 10 மி.மீ. அகலமுள்ள இசட் வகை பெல்ட்டை எடுத்தேன். அது 50 மி.மீ. புல்லியில் வளைய ஒத்துக்கொள்ளும். அரை எச்.பி.க்கு அது போதும். எதிர்ப்பக்கம் 350 மி.மீ. சக்கரம்.

அந்தப் பெரிய சக்கரத்தை நானே பிளைவுட்டில் செய்தேன், அதில் பள்ளமும் வெட்டவில்லை. சின்னப் பக்கம் மட்டும் வி பள்ளம் உள்ள புல்லி, பெரிய பக்கம் தட்டையான விளிம்பு, மேலே வி-பெல்ட் சும்மா படுத்து ஓடும். பார்க்கிறவர்கள் கழன்றுவிடாதா என்று கேட்பார்கள். கழலாது. சின்ன புல்லியில் பெல்ட் பற்றும் சுற்று குறைவு, அதை ஈடுகட்ட அங்கே பள்ளத்தின் ஆப்புப் பிடி வேண்டும். பெரிய சக்கரத்தில் பெல்ட் பாதிச் சுற்றுக்கும் மேலே அணைத்துக்கொண்டு போகிறது, அந்த அணைப்பே போதும். விகிதம் பெரிதாகவும் இரண்டு ஷாஃப்ட்டும் ஓரளவு கிட்டத்தில் இருக்கும்போதும் இந்த முறை நன்றாக வேலை செய்யும். சில பழைய இயந்திரங்களில் இதையே பார்க்கலாம். வழுக்க வேண்டிய நேரத்தில் நைசாக வழுக்கவும் செய்யும்.

18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு வட்டம், இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி பசை போட்டு ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு இரவு விட்டேன். நடுவில் 10 மி.மீ. துளை. மில் ஷாஃப்ட் நேராக மரத்தைப் பிடிக்க விடக்கூடாது. கொஞ்ச நாளில் துளை முட்டை வடிவமாகிவிடும். ஷாஃப்ட்டைப் பிடிக்கும் உலோக ஃபிளாஞ்ச் (வட்டத் தகடு) ஒன்றை நான்கு போல்ட்டில் சக்கரத்தோடு சேர்த்து, ஃபிளாஞ்ச்சின் இரண்டு கிரப் ஸ்க்ரூவும் (தலையில்லாத இறுக்கும் திருகு) ஷாஃப்ட்டில் அரத்தால் ராவிய தட்டையான இடத்தில் உட்காரும்படி வைத்தேன். வட்டம் துல்லியமாக வராது, வரவும் வேண்டாம். சக்கரத்தை மில்லிலேயே மாட்டி, பக்கத்தில் ஒரு கட்டையில் உப்புத்தாளை அசையாமல் பிடித்து, கையால் சுற்றிச் சுற்றி மேடு தட்டுகிற இடமெல்லாம் தேய்த்தேன். இதில் அவசரப்படக்கூடாது. விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு மேடும் பின்னால் பெல்ட் துடிப்பாகத் தெரியும். கடைசியில் இரண்டு கோட் வார்னிஷ், பிளைவுட் ஈரத்தில் ஊதாமல் இருக்க.

பெல்ட்டின் இழுவைக் கோடு விளிம்புக்கு 4 மி.மீ. மேலே ஓடுவதால் சக்கரத்தின் கணக்கு விட்டம் 358 என்று வைத்துக்கொள்ளலாம். 1440 ஐ 50 ஆல் பெருக்கி 358 ஆல் வகுத்தால் 201. இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவே 450 மி.மீ. விட்டால், சின்ன புல்லியில் பெல்ட் 140 டிகிரி அளவுக்குச் சுற்றிப் பிடிக்கும், பெல்ட்டின் நீளம் 1600 மி.மீ.க்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். மோட்டார் கால்களுக்குத் துளைக்குப் பதில் நீளப் பள்ளம் வெட்டியிருப்பதால் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம்.

பெரிய சக்கரத்தால் இன்னொரு லாபம் உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. மில் உருளைகள் உட்கார்ந்திருப்பது பந்து பேரிங்கில் அல்ல, எண்ணெய் ஊறிய வெண்கல வளையமான புஷ்ஷில். கைப்பிடிக்காகச் செய்தது அது. பெல்ட் எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் புஷ் அந்தப் பக்கம் தேயும், உருளை சாயும், இடைவெளி ஒரு முனையில் கூடி மறுமுனையில் குறையும். அதே முறுக்கு விசையை 100 மி.மீ. புல்லியில் கொடுக்க வேண்டுமானால் பெல்ட் மூன்றரை மடங்கு பலமாக இழுத்தாக வேண்டும். 358 மி.மீ. விட்டத்தில் ஓடும்போது தேவைப்படுவது வெறும் 6 கிலோ இழுப்பு. அதனால் பெல்ட்டைக் கம்பி மாதிரி முறுக்கவே தேவையில்லை. நடுவில் விரலால் அழுத்தினால் 6, 7 மி.மீ. அமுங்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் கட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. கீழே வாளி, வாளிக்கு மேலே மில், பக்கத்தில் கீழ்த்தட்டில் மோட்டார். மோட்டாருக்கு அடியில் ரப்பர் ஷீட். எல்லா நட்டும் நைலான் வளையம் வைத்தது, ஏனென்றால் அதிர்வில் சாதா நட்டு கழன்றே தீரும். இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நூல் கட்டிப் பார்த்தேன். தட்டை விளிம்பில் பெல்ட் ஓரமாக நகர்ந்து போகிறது என்றால் கோடு சரியில்லை என்று அர்த்தம். மோட்டாரை மயிரிழை திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும்.

வயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். நான் போட்டது மின்சாரம் போனால் தானே விடுபட்டுவிடும் ஸ்விட்ச். மின்சாரம் திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். ஹாப்பருக்குள் கை விட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வந்து மில் தானாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே இது ஏன் என்று புரியும். அதே காரணத்துக்காக, சூடானால் துண்டிக்கும் ஓவர்லோடும் கையால் அழுத்தினால்தான் மீள்கிற வகை. மோட்டார் உடலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் எர்த். கபாசிட்டரைத் தொடுவதற்கு முன் ரெசிஸ்டர் ஒன்றை இரு முனையிலும் வைத்து மின்னேற்றத்தை இறக்கிவிட வேண்டும். பிளக்கை உருவிய பிறகும் அது கடிக்கும். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சுற்றும் திசையும் இங்கேயே முடிவாக வேண்டும். மோட்டார் சுற்றும் உருளையின் மேற்புறம் இடைவெளியை நோக்கி உள்ளே இறங்க வேண்டும். எதிராக இருந்தால் ஸ்டார்ட் சுருளின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றினால் திசை மாறிவிடும். சிலர் அடைப்பு எடுக்க ஒரு ரிவர்ஸ் ஸ்விட்ச் வைக்கிறார்கள். இந்த வகை மோட்டாரில் ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் ஒன்றும் நடக்காது. ஸ்டார்ட் சுருள் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருக்கும், மோட்டார் பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முழுதாக நின்ற பிறகுதான் மாறும். எனக்கு அந்த ஸ்விட்ச் வேண்டியிருக்கவில்லை. கல் மாட்டினால் பெல்ட் கீச்சிடும், அணைத்து பிளக்கை உருவிவிட்டு, பெரிய சக்கரத்தைப் பிடித்துப் பின்பக்கம் ஒரு கால் சுற்று திருப்பினால் கல் மேலே வந்துவிடும்.

பெல்ட்டையும் சக்கரத்தையும் முழுதாக மூடி ஒரு பெட்டி, ஹாப்பர் வாய்க்குள் விரல் போகாத அளவுக்குக் கம்பி வலை. உருளை 200 சுற்றுதான் என்றாலும் இழுக்கும் விசையில் மால்ட்டுக்கும் விரலுக்கும் அது வித்தியாசம் பார்க்காது. வலைக்குக் கீழே ஒரு பட்டைக் காந்தம். ஆணித் துணுக்கு, மூட்டை தைத்த கம்பி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். கல் ஒட்டாது, அதுதான் வருத்தம்.

இனி அந்த இரண்டாவது உருளை. மோட்டாரை ஓட்டி மால்ட்டைக் கொட்டினால், சுழலும் உருளை மட்டும் சுழன்றுகொண்டிருக்க, மற்றது அசையாமல் நின்றது. மணிகள் உள்ளே இறங்காமல் மேலே நின்று உரசி, அடியில் மாவு மட்டும் தூவலாக விழுந்தது. கையால் சுற்றும்போது இது அதிகம் தெரியாது. மெதுவாகத் தொடங்குவதால் மணிகள் பொறுமையாக அதை இழுத்துக்கொள்ளும். மோட்டார் ஒரே வீச்சில் வேகம் பிடிப்பதால் இழுக்க நேரம் கிடைக்காமல் வழுக்குகிறது. காரணம் பெரும்பாலும் புஷ்ஷில் அடைந்திருக்கும் மாவுத் தூசி. உருளையை விரலால் தட்டினால் தடையில்லாமல் ஓரிரு சுற்று ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கழற்றித் துடைத்து, உணவுத் தரமுள்ள எண்ணெய் ஒரு சொட்டு. சுத்தம் செய்தும் நிற்கிறது என்றால், இரண்டு உருளையையும் ஒரு முனையில் தொடும்படி ரப்பர் ஓ-ரிங் ஒன்றை மாட்டலாம். ஓடும் உருளை அதன் வழியாகத் தூங்கும் உருளையை எழுப்பிவிடும். எனக்கு எண்ணெயோடு சரியானது. கூடவே ஹாப்பரின் அடியில் இழுத்துத் திறக்கும் ஒரு தகடும் வைத்தேன். முதலில் மோட்டார் வேகம் பிடிக்கட்டும், அப்புறம் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் இந்தத் தகராறு தலை காட்டுவதே இல்லை. மோட்டாருக்கும் கிளம்பும் சுமை மிச்சம். பாதியில் மின்சாரம் போய் ஹாப்பர் நிறைய மால்ட்டோடு கிளப்ப வேண்டி வந்தால்தான் கபாசிட்டர் ஸ்டார்ட்டின் அருமை தெரியும்.

இடைவெளியை வைக்க ஃபீலர் கேஜ், அதாவது தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு, இல்லாமல் ஆகாது. மில்லில் பொறித்திருக்கும் கோடுகளை நம்பி எதுவும் செய்ய வேண்டாம். மோட்டார் நின்றிருக்கும்போது உருளையின் இரண்டு முனையிலும் தகட்டை விட்டுப் பார்த்து, இரண்டிலும் ஒரே உரசல் இருக்கும்படி திருகை இறுக்க வேண்டும். அரை கிலோ அரை கிலோவாக உடைத்துக் கருப்புத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். 1.2 மி.மீ.யில் உமி அழகாக இருந்தது, ஆனால் ஒல்லியான மணிகள் சில முழுசாகவே தப்பித்திருந்தன. 0.9 இல் ஒன்றுகூடத் தப்பவில்லை, மாவு கூடிவிட்டது. 1.0 இல் பருப்பு நொய்யாகவும் உமி இரண்டாகப் பிளந்தும் வந்தது. அதிலேயே நிறுத்தி, திருகின் தலையில் பெயின்ட் பேனாவால் கோடு போட்டேன். கோதுமை மால்ட்டுக்கு உமி கிடையாது, மணியும் சின்னது, கெட்டி. அதைத் தனியாக 0.8 அல்லது 0.9 இல் ஓட்ட வேண்டும். பார்லியோடு கலந்து கொட்டினால் பாதி கோதுமை சிரித்துக்கொண்டே முழுசாக வெளியே வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே 1.0 இடைவெளியில் ட்ரில்லையும் முழு வேகத்தில் ஓட்டினேன். மாவுச் சல்லடையில் இரண்டையும் சலித்ததில் ட்ரில் குவியலின் அடியில் மாவு கண்ணுக்கே தெரியும்படி அதிகம். உமிகளை விரலால் எடுத்தால் கிழிந்த நூல் நூலாக வந்தன. இடைவெளி ஒன்றுதான், வேகம்தான் வேறு.

மால்ட்டை உடைப்பதற்கு முன் லேசாக நனைப்பது மோட்டார் மில்லோடு நன்றாகச் சேருகிறது. எடையில் 2 சதவீதம் தண்ணீர், அதாவது 5 கிலோவுக்கு 100 மி.லி. ஸ்பிரே பாட்டிலில் பீய்ச்சிக்கொண்டே கையால் புரட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். உமி மட்டும் ஈரம் இழுத்துத் தோல் போலத் துவளும், உள்ளே பருப்பு காய்ந்தே இருக்கும். உடைத்தால் உமி ஏறக்குறைய முழுசாக, வெற்றுக் கூடாக வரும். தூசியும் பாதிக்குப் பாதி குறையும். கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் தண்ணீர் அதிகம், உருளையில் மாவு அப்பிக்கொள்ளும். சாதா இரும்பு உருளை என்றால் கடைசியில் ஒரு பிடி காய்ந்த மால்ட்டை ஓட்டித் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் துருப்பிடிக்கும்.

தூசியைப் பற்றி. தானியத் தூசி காற்றில் போதிய அளவு கலந்தால் வெடிக்கும். 1878 மே 2 அன்று மினியாபொலிஸில் வாஷ்பர்ன் ஏ மாவு ஆலை அப்படித்தான் வெடித்துப் போனது, 18 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஐந்து கிலோ மால்ட்டில் அந்த நிலை வராது. ஆனால் மையவிலக்கு ஸ்விட்ச் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் உள்ளே ஒரு பொறி விடுகிறது, திறந்த மோட்டாரின் துளைகள் வழியாகத் தூசி உள்ளே போய்ப் படிகிறது. அதனால் உடல் முழுக்க மூடி, வெளியே விசிறி வைத்த மோட்டார்தான் நல்லது. என்னுடையது அந்த வகை. மில்லிலிருந்து வாளி வரைக்கும் துணிக் குழாய் ஒன்றைக் கட்டி, வாளிக்கு மூடியும் போட்டதில் தூசி பெருமளவு உள்ளேயே அடங்கிவிட்டது. முகமூடி போட்டுக்கொள்வது உங்கள் நுரையீரலுக்கு. நொதிக்கும் பீர் இருக்கும் அறையில் மில்லை ஓட்டக்கூடாது என்பது பீருக்கு. மால்ட்டின் மேல் லாக்டிக் அமில பாக்டீரியா ஏராளம். அந்தத் தூசி ஆறிய வோர்ட்டில் விழுந்தால் புளிப்பு நீங்கள் கேட்காமலேயே வரும்.

இவ்வளவுக்கும் பிறகு சர்க்கரை எடுக்கும் திறன் ஏறியதா என்றால், பெரிதாக இல்லை. வோர்ட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஓரிரு புள்ளி. மாறியது வேறு. முன்பெல்லாம் ஒரு முறை அதிகமாகவும் மறுமுறை குறைவாகவும் வரும், ஏன் என்று புரியாது. இப்போது அதே செய்முறைக்கு அதே எண் வருகிறது. வோர்ட் வடியும் வேகமும் ஒரே மாதிரி. இதனால் இடைவெளியையோ தண்ணீர் அளவையோ மாற்றிப் பார்க்கும்போது, வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடிகிறது.

பராமரிப்பு என்று பார்த்தால் ஒவ்வொரு முறையும் காய்ந்த பிரஷ்ஷால் உருளைகளைத் துடைப்பது, தண்ணீர் காட்டாமல். அவ்வப்போது புஷ்ஷுக்கு எண்ணெய். இரண்டு மூன்று மூட்டை ஓடியதும் ஃபீலர் கேஜை மறுபடி இரண்டு முனையிலும் விட்டுப் பார்ப்பது. ஒரு முனை மட்டும் தளர்ந்திருந்தால் பெல்ட் பக்கத்து புஷ் தேய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றலாம், அல்லது சக்கரத்துக்கு வெளியே தாங்கலாக ஒரு பேரிங் கட்டலாம். பெல்ட் கீச்சிட்டால் உடனே இறுக்கிவிடாதீர்கள். முதலில் மில்லுக்குள் எதுவும் மாட்டியிருக்கிறதா, இரண்டாவது உருளை சுற்றுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பெல்ட் மேல் மாவு படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் சத்தம் நின்றுவிடும்.